புல்வெட்டும் வண்டிக்குத் துணைக்கருவிகள்: எதைப் பூட்டலாம், எதைப் பூட்டக்கூடாது

ஒண்டாரியோவின் நகர எல்லைகளுக்கு வெளியே ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் புல்தரையோடு வீடு வாங்குகிறவர்கள், ஏறி அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி ஒன்றை முதல் கோடையிலேயே வாங்கிவிடுகிறார்கள். அடுத்த கோடையில் கண்கள் துணைக்கருவிகளின் பக்கம் திரும்புகின்றன. மண் சுமக்கும் இழுவைப் பெட்டி, தரையைத் துளையிடும் ஏரேட்டர், இலை கூட்டும் கருவி, உரம் தூவி, பனி தள்ளும் தகடு என்று கடையில் வரிசையாக நிற்கும் இவற்றில் பெரும்பாலானவற்றின் அட்டைப்பெட்டியில் 'எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும்' என்று அச்சிட்டிருக்கும். அந்தப் பொருத்தம் வண்டியின் பின்புறக் கொக்கித்தட்டில் உள்ள துளையோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பாரத்தை வண்டியின் பின்அச்சும் கியர்ப் பெட்டியும் தாங்குமா என்பது தனிக் கேள்வி; வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியதும் அதுதான். மாட்டைப் பார்த்துப் பாரம் ஏற்றுகிற வழக்கம் நமக்குப் புதிதல்லவே.

முதலில் வண்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்

வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும், லான் டிராக்டர் என்பதும் கார்டன் டிராக்டர் என்பதும் வேறு வேறு. பிளேடுகள் சுழலும் அடித்தட்டை வெட்டுத்தளம் என்பார்கள்; வீடுகளில் அதிகம் காணப்படும் 42 அங்குல வெட்டுத்தளம் கொண்ட வண்டி லான் டிராக்டர். அது புல் வெட்டவும், அளவான பாரத்தை இழுக்கவும் செய்யப்பட்டது. கார்டன் டிராக்டருக்குச் சட்டமும் அச்சும் தடிமனானவை என்பதால், கலப்பை, மண்ணைக் கிளறும் டில்லர் போன்று நிலத்துக்குள் இறங்கி வேலை செய்யும் கருவிகளை அதில் பூட்டலாம். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு: பின்சக்கரத்தின் நடுவே உள்ள மூடியைக் கழற்றிப் பாருங்கள். சக்கரம் ஒரே அச்சுத்தண்டில் செருகப்பட்டு, ஒரு சிறு வளையக் கிளிப்பால் மட்டும் நிறுத்தப்பட்டிருந்தால் அது லான் டிராக்டர். காரில் இருப்பதுபோல் ஐந்து போல்ட்டுகளால் சக்கரம் பிணைக்கப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் கனத்த வேலைக்கான வண்டி.

இன்றைய லான் டிராக்டர்களில் பெரும்பாலானவை ஹைட்ரோஸ்டேட்டிக் கியர்ப் பெட்டியில் ஓடுபவை. எண்ணெயின் அழுத்தத்தால் சக்கரம் சுழல்கிறது. தொடர்ந்து கனமாக இழுக்கும்போது அந்த எண்ணெய் சூடேறி இளகுகிறது. இளகினால் அழுத்தம் குறைந்து, மேட்டில் ஏறும்போது வண்டி தயங்கும். பல நிறுவனங்களின் வண்டிகளில் காணப்படும் டஃப் டார்க் கே46 என்ற கியர்ப் பெட்டி இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. புல் வெட்டுவதற்கும் இலகுவான இழுவைக்கும் அது போதுமானது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது நம் தவறு. எந்தக் கருவியை இழுப்பதானாலும், கியர்ப் பெட்டியின் மேலுள்ள குளிர்விசிறியையும் அதைச் சுற்றிய பகுதியையும் புல்தூசி அடைக்காமல் சுத்தமாக வைத்திருப்பது, பல கருவிகளை வாங்குவதைவிடப் பயன் தரும்.

இருக்கைக்கு அடியிலோ பின்புறச் சட்டத்திலோ உள்ள தகட்டில் மாதிரி எண்ணும் தொடர் எண்ணும் இருக்கும். அவற்றைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, கையேட்டில் 'இழுக்கக்கூடிய அதிகபட்ச எடை' என்ற வரியைத் தேடிப் படியுங்கள். இழுவைப் பெட்டியின் மேல் எவ்வளவு கொள்ளளவு எழுதியிருந்தாலும், உங்களைக் கட்டுப்படுத்துவது வண்டியின் கையேட்டில் உள்ள எண்தான். 1961-இல் வந்த முதல் கப் காடெட், 1963-இல் வந்த ஜான் டியர் 110 போன்ற பழைய வண்டிகளை இன்றும் சிலர் பழுது பார்த்து ஓட்டுகிறார்கள். அவை கலப்பை இழுத்த கதைகளைக் கேட்டு, இன்றைய 42 அங்குல வண்டியும் அப்படியே இழுக்கும் என்று எண்ணிவிடக்கூடாது.

நின்ற இடத்திலேயே திரும்பும் ஜீரோ-டர்ன் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அதைத் திருப்புவதும் நிறுத்துவதும் பின்சக்கரங்களே. முன்சக்கரங்கள் பெரும்பாலும் தாமே சுழல்பவை. பின்னாலிருந்து பாரம் தள்ளினால் திசை கைவிட்டுப் போகும். உரம் தூவி போன்ற இலகுவானவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இழுவைப் பெட்டியும் எடைக் கணக்கும்

முதலில் வாங்க வேண்டிய துணைக்கருவி எது என்று கேட்டால், பின்புறம் கவிழ்த்துக் கொட்டக்கூடிய இழுவைப் பெட்டி என்றே சொல்வேன். ஆண்டு முழுவதும் அதற்கு வேலை இருக்கும். ஆனால் அதில்தான் எடைக் கணக்கும் அதிகம் தவறுகிறது. பரவலாக விற்கும் அளவு 10 கன அடி. அதை மரப்பட்டைச் செதிலால் நிரப்பினால், ஈரத்தைப் பொறுத்து 100 முதல் 150 கிலோ வரை இருக்கலாம். அதே பெட்டியை ஈர மண்ணாலோ சரளைக் கல்லாலோ விளிம்பு வரை நிரப்பினால் 450 கிலோவை எட்டும். லான் டிராக்டரின் எடையே 200 முதல் 250 கிலோதான். சமதரையில் இழுத்துவிடும், ஆனால் பிரேக் இருப்பது வண்டியில் மட்டும், பெட்டியில் இல்லை. சரிவில் இறங்கும்போது தன்னைவிடக் கனமான ஒன்று பின்னாலிருந்து தள்ள, பின்சக்கரங்கள் ஈரப்புல்லில் சறுக்கத் தொடங்கினால் வண்டியை நிறுத்த வழியில்லை. எனவே மண், கல் ஏற்றும்போது பெட்டியின் கால்பங்கு அல்லது மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்தி, இன்னும் சில நடை போய் வருவதே முறை.

பாரத்தைப் பெட்டியின் அச்சுக்குச் சற்று முன்பக்கமாக வையுங்கள். அப்போது இழுவைத்தண்டு கொக்கித்தட்டைக் கீழ்நோக்கி அழுத்தும். வண்டியின் பின்சக்கரங்களுக்குப் பிடிமானம் கிடைக்கும். பாரம் பின்பக்கம் சாய்ந்தால் தண்டு மேலே எழும்பி வண்டியின் பின்பகுதியைத் தூக்கப் பார்க்கும். இழுவைத்தண்டைக் கொக்கித்தட்டோடு இணைக்கும் ஊசியைச் செருகியபின் அதன் அடியில் கிளிப் மாட்டாமல் ஓட்டாதீர்கள். கொக்கித்தட்டைத் தவிர வேறெந்த இடத்திலும், குறிப்பாக இருக்கைச் சட்டம்போல் உயரமான இடத்தில், சங்கிலி கட்டி இழுக்கக்கூடாது. முன்சக்கரம் எழும்பி வண்டி பின்புறமாகக் கவிழ்ந்துவிடும். அடிமரக் கட்டையைப் பிடுங்கப் பார்ப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்கலாம்.

சரிவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். பெரும்பாலான கையேடுகள் புல் வெட்டுவதற்கே 15 பாகையை எல்லையாக வைக்கின்றன. அதாவது கிடைமட்டமாக 10 அடிக்கு ஏறத்தாழ 2.7 அடி ஏற்றம். நீளமான பலகை ஒன்றைச் சரிவில் கிடத்தி, அதன் மேல் கைபேசியின் மட்டமானியை வைத்தால் பாகை தெரிந்துவிடும். பாரம் இழுக்கும்போது எல்லை இதைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்பதை உங்கள் கையேட்டில் பாருங்கள். சரிவில் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். குறுக்கே ஓட்டுவதும் சரிவில் திரும்புவதும் கூடாது. இறங்கும்போது பின்அச்சை விடுவிக்கும் நெம்புகோலைத் தொடவே கூடாது, ஏனென்றால் வண்டியைத் தடுத்து நிறுத்துவது அந்தக் கியர்ப் பெட்டிதான்.

நாட்டுப்புற வீடுகளில் கழிவுநீர்த் தொட்டியும் அதன் வடிகால் படுகையும் புல்தரைக்கு அடியில் இருக்கும். பாரம் ஏற்றிய பெட்டியை அதன்மேல் ஓட்டினால் மண் இறுகி, குழாய்களும் நசுங்கலாம். படுகையின் எல்லையைத் தெரிந்துகொண்டு சுற்றிச் செல்லுங்கள். பெட்டியில் குழந்தைகளை ஏற்றிச் சுற்றுவது பல வீடுகளில் நடக்கிறது. அதை முழுவதுமாக நிறுத்த வேண்டும். வண்டியை ஓட்டுவதற்கே 16 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் அறிவுரை.

தரையைச் செப்பனிடும் கருவிகள்

தென் ஒண்டாரியோவின் பல பகுதிகள் களிமண். வண்டி ஓடி ஓடி அது இறுகும்போது நீரும் காற்றும் வேருக்கு இறங்குவதில்லை. இதற்கு மருந்து ஏரேட்டர். அதில் இரண்டு வகை உண்டு. கூரிய முள் கொண்டது மண்ணைப் பக்கவாட்டில் தள்ளித் துளை போடுவதால், துளையைச் சுற்றிய மண் இன்னும் இறுகும். குழல் போன்ற பற்கள் கொண்டது மண்ணை விரல் பருமனில் வெட்டி எடுத்து மேலே போட்டுவிடும். களிமண்ணுக்கு இரண்டாவதுதான் ஏற்றது. முள் வகையை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இந்தக் கருவியின் தட்டில் கான்கிரீட் கட்டைகளை வைத்து எடை ஏற்றினால்தான் பற்கள் 2 முதல் 3 அங்குலம் வரை இறங்கும். கட்டைகளைப் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். மழை பெய்த மறுநாள், அல்லது நன்றாகத் தண்ணீர் விட்ட மறுநாள் வேலையைத் தொடங்க வேண்டும். காய்ந்த களிமண்ணில் பற்கள் மேலே உருண்டு போகும், சேற்றிலோ குழல்கள் அடைத்துக்கொள்ளும். தெளிப்பான் தலைகள், நாய்க்கான மின்வேலிக் கம்பி, ஆழமின்றிப் புதைத்த இணையக் கம்பி ஆகியவை இருக்குமிடங்களில் முன்னரே சிறு கொடிகளை நட்டுவிடுங்கள். திரும்பும் ஒவ்வொரு முறையும் நெம்புகோலைப் பிடித்துப் பற்களை மேலே தூக்கியாக வேண்டும். இறங்கிய பற்களோடு திரும்பினால் புல் பெயர்ந்துவரும், கொக்கித்தட்டும் வளையும். நெடுக்கே ஒருமுறை, குறுக்கே ஒருமுறை ஓட்டினால் போதும். வெளியே கிடக்கும் மண் துண்டுகளை அள்ளவேண்டியதில்லை. சில வாரங்களில் அவை கரைந்துவிடும்.

பார்வைக்குச் சிறிதாக இருந்தாலும், லான் டிராக்டரின் கியர்ப் பெட்டிக்கு அதிகத் துன்பம் தருவது இந்தக் கருவிதான், ஏனென்றால் எடையோடு மண்ணின் பிடியும் சேர்ந்து எதிர்க்கிறது. எனவே மெதுவாக, இடையிடையே ஓய்வு கொடுத்து ஓட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் தேவைப்படுவதால், வண்டி பழையதானால் கையால் நடத்தும் இயந்திரத்தை அரைநாள் வாடகைக்கு எடுப்பதோ, அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒன்றை வாங்குவதோ புத்திசாலித்தனம்.

புல்லுக்கும் மண்ணுக்கும் இடையே சேரும் காய்ந்த தண்டு, வேர்ப் படிவத்தைக் கிளறி எடுப்பது டீதாச்சர். அதை இழுப்பதற்கு முன் கத்தியால் ஓர் ஆப்பு வடிவத்தில் தரையை வெட்டி எடுத்துப் பாருங்கள். படிவம் அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் மட்டுமே கிளற வேண்டும். கென்டக்கி நீலப்புல்லில் அது சேரும், உயர ஃபெஸ்கியூ புல்லில் அவ்வளவாகச் சேராது. குளிர்ந்த பருவத்தில் நன்கு வளரும் நம் பகுதிப் புல்வகைகளுக்கு ஆகஸ்டு இறுதி முதல் செப்டம்பர் வரையிலான காலம் உகந்தது. முதலில் கிளறி, கூட்டி அள்ளி, பிறகு துளையிட்டு, விதை தூவி, கடைசியில் உரம் போடுவது சரியான வரிசை. நடுக்கோடை வெயிலில் இவற்றில் எதையும் செய்யாதீர்கள்.

உரம் தூவியில் ஒரு நுட்பம் உண்டு. சுழலும் தட்டைச் சக்கரங்கள் இயக்குகின்றன; ஆனால் திறப்பின் வழியே உரம் விழும் வேகம் ஏறக்குறைய ஒரே அளவுதான். எனவே வண்டி மெதுவாகப் போனால் ஒரே இடத்தில் உரம் அதிகமாக விழும், வேகமாகப் போனால் குறையும். மணிக்கு 5 கிலோமீட்டர் அளவில் சீராக ஓட்டுங்கள். வண்டியை நகர்த்திய பிறகு திறப்பைத் திறந்து, நிறுத்துவதற்கு முன் மூடிவிடுங்கள். மூட மறந்த இடத்தில் ஒரு வாரத்தில் புல் கருகி வட்டமாகத் தெரியும். உரப்பையில் சொன்ன அளவில் பாதியை வடக்கு தெற்காகவும் மீதிப் பாதியைக் கிழக்கு மேற்காகவும் தூவினால் கோடு கோடாக நிறம் மாறுவது தவிர்க்கப்படும். வேலை முடிந்ததும் கழுவி உலர்த்தாவிட்டால் உரத்தின் உப்பு இரும்பை அரித்துவிடும்.

இலை கூட்டும் கருவி காய்ந்த இலையில் அழகாக வேலை செய்யும், நனைந்த இலையில் சுத்தமாக வேலை செய்யாது. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. நீர் நிரப்பி உருட்டும் உருளையை வீட்டுப் புல்தரைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மேடு பள்ளத்தை அது சமமாக்குவதைவிட, களிமண்ணை இறுக்குவதே அதிகம். புதிதாக விரித்த புல்பத்தையை ஒருமுறை அழுத்த வேண்டுமானால் வாடகைக்கு எடுங்கள்.

12 வோல்ட் பம்பு வைத்த மருந்து தெளிப்பானை வாங்குவதற்கு முன் இரண்டு விஷயங்களை யோசிக்க வேண்டும். 25 கேலன் தொட்டியில் ஏறத்தாழ 95 லிட்டர், அதாவது 95 கிலோ நீர் அலைமோதும். சரிவில் அது ஒருபக்கம் சாயும். மேலும், ஒண்டாரியோவில் 2009 ஏப்ரல் 22 முதல் அழகுக்காகப் புல்தரையில் களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி தெளிப்பதற்குத் தடை நடப்பில் உள்ளது. அமெரிக்காவில் வாழும் உறவினர் சொன்னார் என்று அதே மருந்தை இங்கே தெளிக்க முடியாது. திரவ உரத்துக்கு மட்டும் என்றால் இவ்வளவு பெரிய தொட்டி தேவைப்படுவது அரிது.

வெட்டுத்தளத்தில் பூட்டுபவை

பின்னால் இழுப்பவை எந்த நிறுவனத்தினுடையதாகவும் இருக்கலாம். வெட்டுத்தளத்தில் பூட்டும் மல்ச்சிங் அடைப்பும், புல் சேகரிக்கும் பைகளும் அப்படியல்ல. அவை குறிப்பிட்ட மாதிரிக்கும் தள அகலத்துக்கும் ஏற்பச் செய்யப்பட்டவை என்பதால், முன்னர் எடுத்த அந்தத் தகட்டின் படத்தைக் காட்டியே வாங்க வேண்டும். மல்ச்சிங் அடைப்பு, புல் வெளியேறும் வாயை மூடி, வெட்டிய புல்லை மீண்டும் மீண்டும் நறுக்கித் தரையிலேயே விடுகிறது. புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நேரத்தில் வெட்டாவிட்டால்தான் அது ஒழுங்காக நடக்கும். ஈரமான உயரப் புல்லில் கட்டி கட்டியாக விழும்.

பைகளுக்கு மல்ச்சிங் பிளேடுக்கு நேர்மாறான பிளேடு தேவை. மேல்நோக்கி வளைந்த உயரச் சிறகு கொண்ட பிளேடே காற்றை எழுப்பிப் புல்லைக் குழாய்வழியே பைக்குத் தள்ளும். மல்ச்சிங் பிளேடை வைத்துக்கொண்டு பை நிரம்பவில்லை என்று குறைப்படுவது பொருளற்றது. இரண்டு பைகளும் நிரம்பும்போது எடை முழுவதும் பின்அச்சுக்குப் பின்னால் தொங்குவதால், முன்பக்கம் லேசாகித் திசைமாற்றி தளரும். அதற்கு ஈடாக முன்புறச் சட்டத்தில் எடைக்கட்டைகள் மாட்ட வேண்டும். ஜான் டியரின் கைப்பிடி வைத்த எடைக்கட்டை ஒன்று 42 பவுண்டு, ஏறத்தாழ 19 கிலோ. பையைக் கழற்றிய நாளில், புல் வெளியேறும் வாயின் தடுப்பு மூடியைத் திரும்ப மாட்டாமல் ஓட்டக்கூடாது. அந்த வாயிலிருந்து கல் தெறித்தால் அடுத்த வீட்டு ஜன்னலோடு நிற்காது. பிளேடு மாற்றும்போது சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றிவிட்ட பிறகே தளத்துக்கு அடியில் கை நுழைய வேண்டும்.

பனிக்காலம்

பனி தள்ளும் தகடு 46 அல்லது 48 அங்குல அகலத்தில் கிடைக்கும். 10, 15 சென்டிமீட்டர் வரையிலான புதுப்பனிக்கு அது போதும். முதல் பொழிவிலேயே பாதைக்கு வெளியே வெகுதூரம் தள்ளிக் குவித்துவிட வேண்டும். பாதை ஓரத்திலேயே விட்டால் குவியல் உறைந்து சுவராகி, பிப்ரவரியில் தள்ள இடமிருக்காது. நகராட்சியின் பனிவண்டி நம் வாசலில் விட்டுச்செல்லும் கெட்டிப்பனியை இந்தத் தகட்டால் மோதி உடைக்கப் பார்க்கக்கூடாது, சட்டம் வளையும். கல் பாதையாக இருந்தால் தகட்டின் அடியிலுள்ள சறுக்குக்கால்களை ஓர் அங்குலமாவது இறக்கி, தகடு கல்லை வாராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கட்டமாகப் பனியை உள்ளிழுத்து வீசும் ஸ்னோபுளோயரை வண்டிக்கு முன்னால் பூட்டுவது வேறு நிலை. அதற்கு வெட்டுத்தளத்தைக் கழற்ற வேண்டும். இயக்கும் பெல்ட்டைப் புதிதாகக் கோக்க வேண்டும். முதல் முறை ஒரு சனிக்கிழமை முழுவதும் அதற்கே போகும். சுமார் 100 கிலோ முன்னால் தொங்குவதால் பின்புறம் எதிர் எடை கட்டாயம். பின்சக்கரங்களில் சங்கிலியும் வேண்டும். சங்கிலியின் அளவை டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். 42 அங்குல வண்டிகளில் 20×8.00-8 பரவலானது. டயருக்குள் திரவம் நிரப்பி எடை கூட்டுவதும் வழக்கம். அதற்குக் கால்சியம் குளோரைடு கரைசல் வேண்டாம். அது கசிந்தால் சக்கரத்தின் இரும்பு விளிம்பை அரித்துவிடும். உறையாத கண்ணாடி கழுவும் திரவம் போதும். பீட் கிழங்குச் சாற்றிலிருந்து செய்த திரவம் நீரைவிட 30 விழுக்காடு அளவுக்குக் கனமானது, அரிக்கவும் செய்யாது.

ஸ்னோபுளோயரின் சுழல்தண்டில் உள்ள வெட்டு ஊசி, கல்லோ கட்டையோ சிக்கும்போது தானே முறிந்து கியரைக் காப்பதற்காகவே மென்மையாகச் செய்யப்பட்டது. அது முறிந்தால், கையில் கிடைத்த கெட்டி போல்ட்டை அங்கே போடாதீர்கள்; அடுத்த முறை முறிவது கியராக இருக்கும். வாய் அடைத்துக்கொண்டால் எஞ்சினை நிறுத்தி, சுழற்சி முழுவதும் நின்ற பிறகு, குச்சியால் மட்டுமே தள்ளுங்கள். கையை ஒருபோதும் நுழைக்காதீர்கள்.

என் கருத்து இதுதான்: பாதை மிக நீளமாக இல்லாவிட்டால், லான் டிராக்டரை அக்டோபரில் கழுவி மூடிவைத்துவிட்டு, நடந்து இயக்கும் ஸ்னோபுளோயர் ஒன்றைத் தனியே வாங்குவது மேல். ஒரே வண்டியைக் கோடைக்கும் குளிருக்கும் மாற்றி மாற்றிப் பூட்டுவது விளம்பரத்தில் தெரிவதுபோல் எளிதல்ல.

சில்லறைத் துணைப்பொருள்கள், பழைய கருவிகள்

முன்பக்கத்தைத் தூக்கும் சிறு ஜாக், குளிர்காலத்தில் மின்கலத்தைக் காக்கும் மெதுச் சார்ஜர், ஓடிய மணிநேரம் காட்டும் மீட்டர் ஆகிய மூன்றும் விலைக்குப் பெறும். வெயில் கூரை விருப்பத்தைப் பொறுத்தது. தாழ்ந்த மரக்கிளைகள் உள்ள தோட்டத்தில் அது இரண்டு வாரம் தாங்காது.

இழுவைக் கருவிகளைப் பழையதாக வாங்குவதில் தவறில்லை. விற்பவர்கள் பெரும்பாலும் ஓரிரு முறைதான் பயன்படுத்தியிருப்பார்கள். போய்ப் பார்க்கும்போது சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், அச்சைத் தாங்கும் உட்குழலான புஷ் தேய்ந்திருக்கிறது. ஏரேட்டரின் குழல்கள் முனை மழுங்காமல் இருக்க வேண்டும், உரம் தூவியின் கியர் கையால் சுழற்றும்போது தட்டுத்தடங்கலின்றி ஓட வேண்டும், பெட்டியின் இழுவைத்தண்டு பற்றவைத்த இடத்தில் விரிசல் இருக்கக்கூடாது. ஸ்னோபுளோயரைப் பழையதாக வாங்குவதென்றால் உங்கள் மாதிரிக்கான பூட்டுச்சட்டமும் சேர்ந்தே வருகிறதா என்று கேளுங்கள். சட்டம் இல்லாமல் குறைந்த விலைக்குக் கிடைப்பதை, பிறகு சட்டத்தைத் தனியாகத் தேடிக்கொள்ளலாம் என்று வாங்கிவிடாதீர்கள். புதியதோ பழையதோ, பூட்டி ஒரு மணி நேரம் ஓட்டியதும் நிறுத்தி, எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.